சிவப்புப் பூசினால் கோபம் வருமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: "எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பு ஒரே மாதிரி இருக்கிறது. உள்மனதின் பயணம், சுயத்தின் உருமாற்றம் என்று. படத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது நிஜமா, வெறும் பேச்சா? நிஜம் என்றால் இந்தக் கால ஓவியர்களில் யாரைப் பார்க்கலாம்? ஓவியம் படிக்காதவன் எப்படிப் பார்ப்பது? நானும் மனசுக்காக வரைந்து பார்க்கலாமா?"

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. பாதிக்கு மேல் பேச்சுதான். மீதி இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நானே அந்தப் பேச்சில் விழுந்து எழுந்தவன். பல வருஷங்களுக்கு முன்பு நெருங்கிய நண்பன் ஒருவனோடு பெரிய சண்டை. வீட்டுக்கு வந்து நாலடி கேன்வாஸ் ஒன்றை எடுத்து, காட்மியம் சிவப்பையும் கறுப்பையும் கத்தியால் இழுத்து இழுத்து அப்பினேன். தோள் வலித்தது, வியர்த்துக் கொட்டியது. கோபம் மொத்தமும் படத்துக்குள் போய்விட்டது என்று உறுதியாக நம்பினேன். ஒரு வாரம் கழித்து வந்த உறவுக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, ஏதாவது கொண்டாட்டமா?" என்று கேட்டாள். அப்போது வந்த கோபம் முதல் கோபத்தைவிடப் பெரியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் கோபமாக இருந்தபோது வரைந்தேன் என்பது என்னைப் பற்றிய செய்தி. கேன்வாஸில் இருந்தது நிறையச் சிவப்பு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, உணர்வைப் பற்றிப் பேசுகிற ஓவியர்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். இவர் என்ன உணர்ந்தார் என்று தேடுவதை விட்டுவிட்டேன். இவர் தனக்கு என்ன விதி போட்டுக்கொண்டார், அந்த விதிக்காக எதை இழந்தார் என்று பார்க்கிறேன். சும்மா சொன்னால் புரியாது, ஆட்களைக் காட்டுகிறேன்.

மரியா லாஸ்னிக்கிடமிருந்து தொடங்கலாம். 1919இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர், 2014இல் இறந்தார். வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் தன்னையே வரைந்தார், ஆனால் கண்ணாடியில் தெரிகிற தன்னை அல்ல. உடம்பு உள்ளிருந்து எப்படி உணரப்படுகிறதோ அதை மட்டும் வரைவது என்பது அவருடைய விதி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது முதுகு அழுந்துவது தெரிகிறது, வரையலாம். இடது காது அந்த நேரத்தில் இருப்பதே தெரியவில்லை, அதனால் காது கிடையாது. தலைமுடியை உள்ளிருந்து உணர முடியாது. அதனால்தான் அவர் வரைந்த தலைகளில் பலவற்றுக்கு முடியே இல்லை, சிலவற்றுக்குப் பின்மண்டையும் இல்லை. நிறங்களையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டார்: வலிக்கு ஒரு நிறம், அழுத்தத்துக்கு ஒன்று என்று.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, உங்கள் உடம்பில் எது எது இப்போது 'இருக்கிறது' என்று கவனியுங்கள். தாடை இருக்கும், ஒரு குதிகால் இருக்கும். வயிறு பெரிய மூட்டை மாதிரி இருக்கும். முழங்கை காணாமல் போயிருக்கும். அதை அப்படியே வரைந்தால் விசித்திரமான ஜந்து ஒன்று வரும். லாஸ்னிக்கின் படங்கள் கோரமாக இருப்பதாகச் சொல்பவர்கள் இதைச் செய்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

2005இல் அவர் வரைந்த 'நீயா நானா' என்ற படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். எண்பதைத் தாண்டிய பெண், உடம்பில் ஒரு துணியும் இல்லை, வாய் திறந்திருக்கிறது. ஒரு கையில் இருக்கும் துப்பாக்கி தன் நெற்றிப்பொட்டில். இன்னொன்று நேராக உங்களைப் பார்த்து. பின்னணி கிட்டத்தட்ட வெறுமையாக வெளிறிக் கிடக்கிறது. முதுமை, பயம், ஆத்திரம் எல்லாம் இருக்கிறது என்று குறிப்பு எழுதிவிடலாம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது உடம்பின் ஓரத்தில் ஓடும் பச்சைக் கோடுகள். இருண்ட, கனமான நிறங்களைப் போட்டிருந்தால் படம் அழுமூஞ்சியாகியிருக்கும். அந்தப் பச்சை அதற்கு இடம் கொடுக்கவில்லை. இவருக்குப் பெரிய அங்கீகாரம் வந்தது கடைசியில்தான். வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது 2013இல் கிடைத்தது, இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு.

உருமாற்றம் என்ற சொல்லுக்கு வருவோம். குறிப்புகளில் அதிகம் கெட்டுப்போன சொல் இது. பட்டாம்பூச்சி, பாதி முகம் மரமாக மாறுவது, விரிசலிலிருந்து ஒளி வருவது என்று நூறு படம் பார்த்திருப்பீர்கள். மாற்றத்தைப் பற்றிய படம் வேறு, மாறியதால் வந்த படம் வேறு. இரண்டாவதற்கு பிலிப் கஸ்டனைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் 1980லேயே இறந்துவிட்டார். ஆனாலும் இன்று உருவ ஓவியம் வரைகிற பல பேர் அவர் திறந்த கதவு வழியாக வந்தவர்கள் என்பதால் சொல்கிறேன்.

1950களில் கஸ்டன் நியூயார்க்கின் அரூப ஓவியர்களில் மதிக்கப்பட்டவர். இளஞ்சிவப்பும் சாம்பலும் மினுங்குகிற, மிக நாசூக்கான படங்கள். கை அப்படிப்பட்ட கை. அறுபதுகளின் நடுவில் அவருக்கு அது பொய்யாகத் தெரிய ஆரம்பித்தது. வெளியே போரும் கலவரமும் நடக்கின்றன, நானோ ஸ்டுடியோவுக்குள் போய் ஒரு சிவப்பை ஒரு நீலத்தோடு சரிக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிற கூச்சம். ஓவியத்தை நிறுத்திவிட்டுக் கோட்டுச் சித்திரம் மட்டும் போட்டார். அதிலும் இரண்டு விதம்: ஒரு பக்கம் காகிதத்தில் ஒன்றிரண்டு கோடு மட்டும் உள்ள தூய அரூபம், இன்னொரு பக்கம் புத்தகம், செருப்பு, கோப்பை. சுவரில் இரண்டையும் மாட்டி வைத்து, ஒருநாள் இது சரி என்றும் மறுநாள் அது சரி என்றும் தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறார்.

செருப்பு ஜெயித்தது. 1970 அக்டோபரில் நியூயார்க்கின் மார்ல்பரோ கேலரியில் புதிய படங்களை வைத்தார். கார்ட்டூன் மாதிரி உருவங்கள், மொத்தையான விரல்கள், வெள்ளை முகமூடி போட்ட கூ க்ளக்ஸ் க்ளான் (அமெரிக்காவின் வெள்ளை இனவெறிக் கும்பல்) ஆட்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு காரில் சுற்றுகிறார்கள். பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள். மேட்டுக்குடி ஆசாமி ஒருவர் தெருப்பொறுக்கியாக வேஷம் போடுகிறார் என்கிற பொருளில் நியூயார்க் டைம்ஸ் விமர்சனத்துக்குத் தலைப்பு வைத்தது. நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனுடன் இருந்த உறவு முறிந்தது. ஓவியர் வில்லம் டி கூனிங் போல ஓரிருவர்தான் பக்கத்தில் நின்றார்கள். கஸ்டன் இத்தாலிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இதில் எனக்கு முக்கியம் அந்த முகமூடி. 1969இல் வரைந்த 'ஸ்டுடியோ' படத்தில் முகமூடிக்காரன் ஒருவன் கேன்வாஸ் தாங்கியின் முன் உட்கார்ந்து, தன்னுடைய முகமூடி முகத்தையே வரைந்துகொண்டிருக்கிறான். அதாவது கஸ்டன் அந்தக் கொலைகாரக் கும்பலைத் தனக்கு வெளியே நிறுத்தி வைத்துக் கண்டிக்கவில்லை. முகமூடிக்குள் தானே புகுந்து பார்க்கிறார். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இளைஞராக இருந்தபோது க்ளானுக்கு எதிராகவே படம் வரைந்தவர். அப்படிப்பட்டவர் 'எனக்குள் இருக்கும் தீமை எப்படி இருக்கும்' என்று கேட்கிற இடத்துக்கு வந்தார். உள்மனம் என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம். இந்தப் படங்கள் இன்னும் ஆறவில்லை. அவருடைய பெரிய கண்காட்சி ஒன்றை 2020இல் முகமூடிப் படங்களை நினைத்துப் பயந்து நான்கு அருங்காட்சியகங்கள் தள்ளிப்போட்டன. 2022இல்தான் பாஸ்டனில் திறந்தது.

இன்னொரு படம், 1977இல் வரைந்த 'படுக்கையில் தம்பதி'. அந்த வருஷம் அவர் மனைவி மூஸாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. போர்வைக்குள் இரண்டு தலைகள் ஒட்டிக் கிடக்கின்றன, முகம் தெரியவில்லை. கஸ்டன் கையில் தூரிகைக் கட்டு. காலில் ஷூவைக் கழற்றவே இல்லை. தூங்கும்போதும் தூரிகையை விட முடியாத கணவன், அவனை ஒட்டிப் படுத்திருக்கும் மனைவி. அன்பும் குற்ற உணர்வும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைப் பழைய நாசூக்கான கையால் வரைந்திருந்தால் அழகாக வந்திருக்கும், அந்த ஷூவுக்கு இடம் இருந்திருக்காது.

கெர்ஹார்ட் ரிக்டர் இதற்கு நேர் எதிர். 1932இல் ட்ரெஸ்டனில் பிறந்த ஜெர்மன்காரர். உணர்ச்சி என்ற சொல்லையே சந்தேகமாகப் பார்க்கிறவர். புகைப்படத்தைப் பார்த்து வரைவார், ஈரம் காய்வதற்குள் மென்மையான தூரிகையால் இழுத்து மங்கலாக்கிவிடுவார். 1965இல் அப்படி வரைந்தது 'மரியான் அத்தை' என்று அறியப்படும் படம். ஒரு சிறுமி, அவள் முன் ஒரு கைக்குழந்தை. குழந்தை ரிக்டர்தான். சிறுமி அவருடைய அம்மாவின் தங்கை, அதாவது நம் கணக்கில் அத்தை இல்லை, சித்தி. மனநோய் என்று முத்திரை குத்தி நாஜிகள் அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள், 1945இல் மருத்துவமனையிலேயே சாகவிட்டார்கள். ரிக்டருடைய முதல் மனைவியின் அப்பா அத்தகைய கருத்தடைகளில் பங்குள்ள நாஜி மருத்துவர் என்பது பல பத்தாண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர் ஒருவர் தோண்டியபோதுதான் வெளியே வந்தது. படத்தில் இது எதுவும் எழுதியிருக்கவில்லை. மங்கல் மட்டும் இருக்கிறது.

2014இல் 'பிர்கெனாவ்' வந்தது. 1944 ஆகஸ்ட்டில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்கள் இருக்கின்றன. ரிக்டர் அந்த நான்கையும் நான்கு பெரிய கேன்வாஸ்களில் வரைய ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் 260 சென்டிமீட்டர் உயரம். கொஞ்ச தூரம் போனதும் முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அவற்றின் மேலேயே வண்ணத்தை அப்பி, ஸ்குவீஜியால் இழுத்தார். (கண்ணாடி துடைக்கும் கட்டையைப் போன்றது, ஆனால் ஆள் உயரத்துக்கும் இருக்கும்.) மறுபடி அப்பினார், மறுபடி இழுத்தார். கடைசியில் புகைப்படத்தின் ஒரு கோடுகூட வெளியே தெரியவில்லை. கறுப்பு, சாம்பல், ஆங்காங்கே சிவப்பு, பச்சை.

ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. கீழே இருப்பது தெரியாது என்றால் அதை வரைந்ததற்கு என்ன அர்த்தம் என்கிறார்கள். நியாயமான கேள்விதான், நானும் கொஞ்ச நாள் அந்தக் கட்சியில் இருந்தேன். இப்போது என் எண்ணம் வேறு. அந்த நான்கு படங்களில் நடந்திருப்பது ஒரு தோல்வி. எண்பதைத் தாண்டிய, உலகத்திலேயே அதிகம் கொண்டாடப்படுகிற ஓவியர், 'இதை என்னால் காட்ட முடியாது' என்ற இடத்தில் நின்று, அந்த முடியாமையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். மூடியதன் அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லியிருக்கிறார், புகைப்படப் பிரதிகளைப் பக்கத்திலேயே வைக்கவும் செய்கிறார். நம் வீடுகளில் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதன்மேல் தினசரிப் பேச்சு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். எனக்கு அந்த மாதிரித்தான் இருக்கிறது.

ரிக்டரையும் கஸ்டனையும் பார்த்துவிட்டு, பெரிய துயரம் இருந்தால்தான் பெரிய ஓவியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சீலியா பால் அதற்காகவே இங்கே வருகிறார். 1959இல் திருவனந்தபுரத்தில், மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் இருக்கிறார், பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே உள்ள மாடி வீட்டில். 1977இல் தன் அம்மாவை வரையத் தொடங்கினார். முப்பது வருஷம், அம்மாவையே வரைந்தார். அம்மா வாரத்தில் இரண்டு முறை ரயில் ஏறி வந்து, எண்பது படிகள் ஏறி, நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பிரார்த்தனைக்கு வைத்துக்கொண்டார். அதனால் அந்தப் படங்களில் இருக்கும் முகம் மகளைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ பேசிக்கொண்டிருக்கிற முகம். மகளோ முப்பது வருஷம் அதை வெளியிலிருந்து பார்க்கிறாள்.

2007இல் அம்மாவால் படி ஏற முடியாமல் போனது. சகோதரி ஒருத்தி வந்து உட்கார ஆரம்பித்தார். சீலியா தன்னைத் தானே வரைவதும் கடலை வரைவதும் கூடியது. 2015இல் அம்மா இறந்த பிறகு சகோதரிகள் நால்வரை வெள்ளை உடையில் உட்கார வைத்து ஒரு படம் வரைந்தார். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அழுகை இல்லை. வெளிச்சம் மேலிருந்து கீழே தூசி மாதிரி இறங்குகிறது. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய அந்த அமைதியை நால்வரும் பங்கிட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

இவரிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. இளம் வயதில் ஓவியர் லூசியன் ஃபிராய்டின் காதலியாக, அவர் படங்களுக்கு மாடலாக இருந்தவர். ஃபிராய்ட் 1986-87இல் வரைந்த 'ஓவியரும் மாடலும்' படத்தில் நிற்கும் பெண் சீலியாதான். அதில் அவர் கையில் தூரிகை இருக்கிறது, வெறுங்காலால் பெயின்ட் ட்யூபை மிதித்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பார்ப்பது ஃபிராய்டின் கண். 2012இல் சீலியா அதே தலைப்பில் தன்னை வரைந்தார். ஆள் ஒன்றுதான். வண்ணம் படிந்த நீள உடையில் நேராக உட்கார்ந்திருக்கிறார், காலடியில் ட்யூப்கள். ஓவியரும் நான்தான், மாடலும் நான்தான். பட்டாம்பூச்சி எதுவும் தேவைப்படவில்லை. கால் நூற்றாண்டு இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் அர்பிதா சிங்கைச் சொல்வேன். 1937இல் பிறந்தவர். எழுபதுகளில் உருவங்களை விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் வெறும் புள்ளியும் கோடுமாகக் கறுப்பு வெள்ளையில் காகிதத்தை நிரப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் வறண்ட காலம். எண்பதுகளில் உருவங்கள் திரும்பி வந்தபோது அவற்றைச் சுற்றி அந்தப் புள்ளிகளும் கோடுகளும் துணியின் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. 1993இல் வரைந்த 'என் அம்மா' படத்தில் முன்னால் வெள்ளை உடுத்திய வயதான அம்மா அசையாமல் நிற்கிறார், பின்னால் தெருவில் வன்முறையும் பிணங்களும். 1992-93 மதக் கலவரம் முடிந்த கையோடு வந்த படம். மற்றவர் என்றால் அம்மாவை அழ விட்டிருப்பார்கள். 2025இல் லண்டனின் செர்பன்டைன் கேலரி இவருடைய படங்களைத் தனிக்கண்காட்சியாக வைத்தது.

பூபேன் கக்கரை ஒரு பத்தியில் அடக்குவது அநியாயம், ஆனாலும். பரோடாவில் பகலில் கணக்கர் வேலை, மீதி நேரம் ஓவியம். அம்மா இறந்த பிறகுதான் தன் ஒருபால் ஈர்ப்பைப் பற்றி வெளிப்படையாக வரையத் துணிந்தார். 1981இல் வரைந்த 'எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது' படத்தில் நரைத்த தலையோடு ஒருவர் மாடியில் அம்மணமாக நின்று கீழே பார்க்கிறார். கீழே அப்பா, மகன், கழுதை கதை நடந்துகொண்டிருக்கிறது. ஊர் சொல்வதையெல்லாம் கேட்டுக் கடைசியில் கழுதையைத் தூக்கிச் சுமக்கிற அதே கதைதான். வாழ்க்கையிலேயே பெரிய முடிவு, அதைச் சொல்லக் குழந்தைக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் சில பேரை வேகமாகச் சொல்கிறேன். யயோய் குசாமாவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், புள்ளிகளும் கண்ணாடி அறைகளும். சின்ன வயதிலிருந்து மாயத்தோற்றங்கள் கண்டவர், 1977 முதல் டோக்கியோவில் தன் விருப்பத்தோடு மனநல மருத்துவமனையில் தங்கி, பக்கத்து ஸ்டுடியோவில் வேலை செய்பவர். கண்ணாடி அறைகள் இப்போது செல்ஃபி எடுக்கும் இடமாகிவிட்டன. ஐம்பதுகளின் கடைசியில் அவர் வரையத் தொடங்கிய 'முடிவிலா வலை'களைப் பாருங்கள். மார்லீன் டூமா தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் இருப்பவர். 1994இல் வரைந்த 'ஓவியர்' படத்தில் ஒரு குட்டிப் பெண், அவருடைய மகள்தான், அம்மணமாக, முறைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கையில் சிவப்பு, மறு கையில் கருநீலம். விளையாடிவிட்டு வந்த குழந்தையா, கொலை செய்துவிட்டு வந்தவளா என்று தெரியாது. பிரிட்டிஷ் ஓவியர் ட்ரேசி எமினுக்கு 2020இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்து, பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களில் சில எனக்குப் பிடிக்கும், சிலவற்றில் குறிப்புதான் படத்தைவிடச் சத்தமாகப் பேசுகிறது.

உணர்ச்சி என்றால் வண்ணம் வழிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அக்னஸ் மார்ட்டினைக் காட்டுவேன். கனடாவில் பிறந்தவர், ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோயோடு வாழ்ந்தவர். ஆறடிச் சதுரக் கேன்வாஸ், பென்சிலால் போட்ட கோடுகள், நீர்த்துப்போன நிறம். 1967இல், பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில், தூரிகைகளையெல்லாம் கொடுத்துவிட்டு நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் தன் கையாலேயே மண் வீடு கட்டிக்கொண்டார். கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஓவியம் இல்லை. திரும்பி வந்தபோதும் அதே சதுரம், அதே பென்சில். தான் வரைவது மகிழ்ச்சியை, கள்ளமின்மையை என்றார். அச்சுப் படத்தில் ஒன்றுமே தெரியாது. நேரில், ஒரு முழ தூரத்தில் நின்றால், பென்சில் கோடு கேன்வாஸ் இழையின் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கித் துடிப்பது தெரியும். பத்தடி பின்னால் போனால் எல்லாம் பனியாகிவிடும்.

போலந்து ஓவியர் ரோமன் ஒபால்கா இன்னும் கறார். 1965இல் வார்சாவில், கறுப்புக் கேன்வாஸின் இடது மேல் மூலையில் வெள்ளை வண்ணத்தால் 1 என்று எழுதினார். அடுத்து 2. அப்படியே போனார். கேன்வாஸ் நிரம்பினால் அடுத்த கேன்வாஸில் தொடர்வார். பத்து லட்சத்தைத் தாண்டிய பிறகு, 1972 முதல், ஒவ்வொரு கேன்வாஸின் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளை கூட்டினார். கடைசியில் வெள்ளைமேல் வெள்ளை. எழுதுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் எண்களை வாயால் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். 2011இல் இறந்தபோது கடைசி எண் 56,07,249. உணர்ச்சி என்று ஒரு தீற்றல்கூட இல்லை. அந்தப் புகைப்படங்களில் முடி நரைத்துக்கொண்டே போவதையும் எண்கள் வெள்ளைக்குள் கரைவதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் படம் அதற்கு விளக்கப்படமாகிவிடும். ஓவியரின் ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வருஷ வரிசையில் இருபது படங்களைப் பார்த்தால் எங்கே திரும்பினார் என்பது யாருக்கும் தெரியும், அதற்குப் படிப்பு தேவையில்லை. திரும்பிய இடத்தில் எதை விட்டார் என்று பாருங்கள். கையில் வந்துவிட்ட திறமையையோ, விற்பனையாகிற பாணியையோ விட்டிருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. ஒன்றையும் விடாமல், பழைய படத்தின்மேலேயே 'உருமாற்றம்' என்று தலைப்பு மட்டும் மாறியிருந்தால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம். அப்புறம், ஓரங்களைக் கவனியுங்கள். கேன்வாஸின் நடுவில் எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். ஓரத்தில்தான் தயக்கமும் அலட்சியமும் அழித்து வரைந்ததும் மாட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொண்டால் படம் புரிந்துவிட்டது என்று தோன்றும். வில்லியம் உட்டர்மோலன் என்ற அமெரிக்க ஓவியர் லண்டனில் இருந்தார். 1995இல் அல்சைமர் என்ற மறதி நோய் வந்திருப்பது தெரிந்த பிறகும் தன் முகத்தை வரைவதை நிறுத்தவில்லை. முகம் வருஷத்துக்கு வருஷம் கலைந்து, கடைசிப் படங்களில் தலை ஒரு சிதைந்த கிறுக்கல் ஆகிறது. மருத்துவ இதழ்கூட அவற்றைப் பற்றி எழுதியது. எல்லாரும் அவற்றை நோயின் வரைபடமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தை அழித்து, மறுபடி தேடி, மறுபடி அழித்திருக்கிறார். நோய் அவர் கையைப் பிடித்து வரையவில்லை. போய்க்கொண்டிருந்த திறமையில் மிச்சம் இருந்ததை வைத்து ஒருவர் முடிவுகள் எடுத்துக்கொண்டிருக்கிறார், சில முடிவுகள் அசாத்தியமானவை.

கடைசிக் கேள்வி, நீங்களும் வரையலாமா என்பது. தாராளமாக. மனச்சுமை குறைய வரைவது நல்ல விஷயம், அதை யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் படமாகவும் நிற்க வேண்டும் என்று ஆசை இருந்தால், உணர்ச்சியிலிருந்து தொடங்காதீர்கள், என் சிவப்புக் கேன்வாஸ் கதி வரும். ஒரே பொருளையோ ஆளையோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர் யாராவது, அல்லது உங்கள் இடது கை. ஒரே அளவு காகிதம், கரித்துண்டு, வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம். பின்பக்கம் தேதி மட்டும் போடுங்கள், அன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுதாதீர்கள். இருபது சேர்ந்ததும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். எந்த வாரம் எதையோ தவிர்த்திருக்கிறீர்கள் என்பது கையிலேயே தெரியும்.

அந்தச் சிவப்புக் கேன்வாஸை நான் தூக்கிப் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் சுரண்டிவிட்டு, அதே நண்பன் என் வீட்டில் வழக்கமாக உட்காரும் நாற்காலியை, ஆள் இல்லாமல், அதன்மேல் வரைந்தேன். சுரண்டியும் போகாத சிவப்பு நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தெரிகிறது. அதே உறவுக்காரப் பெண் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "அவர் இப்ப வர்றதில்லையா?" என்று கேட்டாள்.